ஓடிடி சுமைக்கு யார் பில் கட்டுவது: மூன்று நாடு, மூன்று வழி

வீட்டு இணையத்தில் ஓடும் டேட்டாவில் பெரும்பங்கு வீடியோதான். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதில் அமெரிக்காவும் தென் கொரியாவும் இந்தியாவும் ஆளுக்கொரு வழியில் போயிருக்கின்றன.

அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணைய கம்பெனி பிடித்தது மீட்டர் வழி. மாதம் 1.2 டிபி (சுமார் 1,200 ஜிபி) வரை சும்மா, தாண்டினால் ஒவ்வொரு 50 ஜிபிக்கும் 10 டாலர், உச்சம் 100 டாலர். நிறையப் பார்ப்பவர் நிறையக் கட்டட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸில் 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும். தினம் நான்கு மணி நேரம் ஓடும் டிவிக்கு மாதம் 840 ஜிபி. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்றால் 1,680 ஜிபி. அந்த மாதமே 100 டாலர் முழுசாகப் போச்சு! கேபிள் டிவி தண்டம் என்று வெட்டிவிட்டு ஓடிடிக்கு வந்த வீட்டுக்கு, மிச்சம் பிடித்த காசு அங்கேயே கரைந்துவிடும். கேபிள் டிவி விற்பதும் அதே காம்காஸ்ட்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கோளாறும் உண்டு. கம்பெனிக்குப் புதுக் கருவி வாங்கும் செலவு வைப்பது எல்லோரும் ஒரே நேரத்தில் டிவி முன்னால் உட்காரும் இரவு நேரம். விடியற்காலை 3 மணிக்கு ஓடும் படத்தால் எந்த நெரிசலும் இல்லை. மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். 2025இல் கொண்டுவந்த புதிய பிளான்களில் காம்காஸ்டே இந்த வரம்பை எடுத்துவிட்டது.

கொரியாவில் வீட்டுக்காரரை விட்டுவிட்டு, வீடியோ அனுப்பும் கம்பெனியிடம் காசு கேட்டார்கள். அங்கே இணையம் விற்கும் எஸ்கே பிராட்பேண்டுக்கும் நெட்ஃப்ளிக்ஸுக்கும் இந்தக் காசுக்காக 2020இல் தொடங்கிய வழக்கு 2023இல்தான் சமரசத்தில் முடிந்தது. பெரிய கம்பெனி தாங்கும், சரி. நேரலை வீடியோ தளமான ட்விட்ச் தாங்கவில்லை. முதலில் கொரியாவில் மட்டும் படத்தின் தரத்தை 720பி ஆகக் குறைத்தது. அப்புறம், மற்ற பல நாடுகளைவிடப் பத்து மடங்கு கட்டணம் என்று சொல்லி 2024 பிப்ரவரியில் அங்கே கடையையே மூடிவிட்டது. நேயருக்குப் பில் வரவில்லை, பார்ப்பதற்கு ட்விட்சும் இல்லை.

நம் ஊரில் மொத்தமாக ஒரே கட்டணம். ஜியோ ஃபைபர் 2020இல் கொண்டுவந்த பிளான்களில் மாத வரம்பு 3,300 ஜிபி. மேலே சொன்ன கணக்கில் நான்கு டிவி ஓடினால்தான் அதைத் தொட முடியும். மூன்றில் பார்க்கிறவருக்கு நல்லது இதுதான் என்பேன். ஆனால் இங்கே விலை வேறு கதவு வழியாக ஏறுகிறது. அந்தப் பட்டியலில் 699 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ் வேகம், ஓடிடி கிடையாது. 999 ரூபாய்க்கு 150 எம்பிபிஎஸ், கூடவே ஒரு கொத்தாகப் பதினொரு ஓடிடி ஆப்கள். வித்தியாசம் 300 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 354. வருஷத்துக்கு 4,248 ரூபாய். 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்கும் வேகமே 15 எம்பிபிஎஸ்தான். 100 எம்பிபிஎஸ்ஸில் ஒரே நேரத்தில் ஆறு டிவி ஓட்டலாம். ஆகவே அந்த 354 ரூபாய் வேகத்துக்கு இல்லை, ஆப்களுக்கு. பதினொன்றில் நீங்கள் திறப்பது இரண்டுதான் என்றால், 699ஐ எடுத்துக்கொண்டு வேண்டிய ஆப்பை வேண்டிய மாதம் மட்டும் தனியாக வாங்குவது பெரும்பாலும் மலிவு. கிரிக்கெட் சீசன் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். கொத்தில் அந்த வசதி கிடையாது.

இதற்கிடையில், ஓடிடி கம்பெனிகளும் பங்கு தர வேண்டும் என்று இந்திய டெலிகாம் கம்பெனிகளின் சங்கம் சில ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. கேட்பது கொரிய வழியைத்தான். அது கிடைத்தால் நம் பிராட்பேண்ட் பில் குறையும் என்று நான் நம்பவில்லை. ஓடிடி சந்தா ஏறும் என்பதை நம்புகிறேன்.