மூன்று பழைய கம்ப்யூட்டர்களும் ஒரு சிவப்புப் பந்தும்

எண்பதுகளில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் எங்கள் பள்ளிக்கு பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் நான் வரைந்த முதல் கோடு அதில்தான். பிற்பாடு அதே மாடலைத் தேடிப்பிடித்து வாங்கினேன். அப்புறம் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 இரண்டும் சேர்ந்தன. பன்னிரண்டு வருடமாக மூன்றையும் ஓட்டுகிறேன்.

என் சோதனை ஒன்றுதான். கறுப்புத் திரையில் பச்சைப் புல், அதன் மேல் ஒரு சிவப்புப் பந்து உருள வேண்டும்.

ஸ்பெக்ட்ரமில் பந்து போகிற இடமெல்லாம் புல்லும் சிவந்துவிடும். திரையில் 256 × 192 புள்ளிகள் இருந்தாலும், 8 × 8 கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம்தான். காரணம் மெமரி. முழுத்திரைக்கும் 6,912 பைட்டில் முடித்துவிட்டார்கள். புள்ளிக்குப் புள்ளி 16 நிறம் கொடுத்திருந்தால் 24 கேபி பிடிக்கும். 1982இல் வந்த மலிவு மாடலின் மொத்த மெமரியே 16 கேபி!

பிபிசியில் மோடு 2 என்ற திரை முறையைப் போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கிடைக்கும். ஆனால் அதன் மொத்த மெமரி 32 கேபியில் 20 கேபி திரைக்கே போய்விடும். பந்தை நாமேதான் அழித்து அழித்து வரைய வேண்டும். ஜிகால் 3 என்ற கட்டளை வைத்து வரைந்தேன். அது திரையில் ஏற்கெனவே இருக்கும் நிற எண்ணோடு புது எண்ணைக் கலக்கும்; அதே இடத்தில் மறுபடி வரைந்தால் பழைய எண் திரும்பிவிடும். பந்து புல்லைத் தொட்ட இடம் மஞ்சளானது. சிவப்பின் எண் 1, பச்சையின் எண் 2, சேர்ந்தால் 3, அது மஞ்சள். பந்து நகர்ந்ததும் புல் பழையபடி பச்சை. அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

கமடோரின் பிராசசர் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ்தான். ஸ்பெக்ட்ரமுக்கு 3.5, பிபிசிக்கு 2. ஆனாலும் பந்து வழுக்கிக்கொண்டு போனது கமடோரில்தான். 24 × 21 புள்ளி அளவில் ஸ்பிரைட் எனப்படும் எட்டு நகரும் படங்களை அதன் விஐசி-2 என்ற திரைச் சிப்பே திரைமேல் வைத்துக் காட்டுகிறது. புல்லை யாரும் தொடுவதில்லை. 53248 என்ற மெமரி முகவரியில் எண்ணை மாற்றினால் போதும், பந்து நகரும். ஒரு முகவரியில் 255 வரைதான் வைக்க முடியும் என்பதால், அதைத் தாண்டியதும் பிழை காட்டி நின்றுவிட்டது. அதற்குமேல் போக 53264இல் ஒரு பிட்டையும் மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ராத்திரி ஆனது.

அதனால் கேம் எழுத கமடோர்தான் என்பேன். ஆனால் அதன் பேசிக் மொழியில் கோடு வரையக்கூட ஒரு கட்டளை கிடையாது, எல்லாம் மெமரியில் எண்ணை எழுதும் போக் கட்டளைதான். என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க பிபிசியைத்தான் ஆன் செய்தேன். மோடு 1, டிரா என்று இரண்டு வரி அடித்தாள், கோடு வந்துவிட்டது.