ராம் கூட்டினால் வாரண்டி போகுமா? ஆலை, கடை, சொந்தக் கை

அக்கா மகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததிலிருந்து வீட்டில் லேப்டாப் பேச்சுதான். "மாமா, நான் பார்த்து வச்சிருக்கிற செட்ல 8 ஜிபி ராம்தான் இருக்கு, 16 ஆக்கிட்டா வாரண்டி போயிடும்னு கூட்டாளி சொல்றா, உண்மையா?" என்று கோலாலம்பூரிலிருந்து போன் போட்டுக் கேட்டாள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் போனை வைத்துவிட முடியவில்லை, ஏனென்றால் ராமை, அதாவது லேப்டாப் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகத்தை, மூன்று விதமாகக் கூட்டலாம், பழுது வந்தால் மூன்றிலும் பொறுப்பு வேறு வேறு ஆளிடம் போகும்.

ஆர்டர் கொடுக்கும்போதே ஆலையில் போட்டு வரச் சொல்வது ஒன்று. கோலாலம்பூர் லோ யாட் பிளாசா, நம்ம பினாங்கு கொம்தார் பக்கம் மாதிரி கணினிக் கடைகள் உள்ள இடங்களில் வாங்கும்போதே கடைக்காரரைப் போட்டுத் தரச் சொல்வது இன்னொன்று. அப்படியே வாங்கி வந்து அப்புறம் வீட்டில் நாமே திருப்புளியை எடுப்பது மூன்றாவது. மூன்றையும் நான் செய்திருக்கிறேன், இரண்டாவது வழியில் நன்றாக அடியும் பட்டிருக்கிறேன். 1972-இல் இன்டெல் ஆலை வந்த காலத்திலிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸ்காரர்களுக்குச் சிப்பும் போர்டும் அன்றாடப் பேச்சு, ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர்கூட தன் லேப்டாப்பின் வாரண்டி நிபந்தனையை முழுசாகப் படித்ததில்லை. நானும் பணம் போன பிறகுதான் படித்தேன்.

ஆலை வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் சிக்கல் குறைவு. டெல், லெனோவோ, ஆப்பிள் மாதிரி நிறுவனங்களின் மலேசிய இணையக் கடையில் சில மாடல்களுக்கு ராம் எவ்வளவு, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி எவ்வளவு என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அப்படி வரும் லேப்டாப்பின் சீரியல் எண்ணோடு உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலும் நிறுவனத்தில் பதிவாகிவிடும். டெல் என்றால் அடிப்பக்கத்தில் 7 எழுத்தில் சர்வீஸ் டேக் இருக்கும், அதை அவர்கள் தளத்தில் தட்டினால் ஆலையை விட்டுக் கிளம்பிய நாளில் என்ன ராம், என்ன எஸ்எஸ்டி என்று வரிசையாகக் காட்டும். சர்வீஸ் சென்டரும் அதை வைத்துத்தான் பேசும். பட்டியலில் உள்ளதுதான் உள்ளேயும் இருக்கிறது என்றால் "இதை யார் மாட்டியது" என்ற கேள்விக்கே இடமில்லை, முழு இயந்திரத்துக்கும் ஒரே வாரண்டி, ஒரே கவுன்டர்.

விலைதான் உறுத்தும். அதே அளவு ராமையோ எஸ்எஸ்டியையோ வெளியில் தனியாக வாங்குவதைவிட ஆலையில் கூட்டுவதற்குப் பெரும்பாலும் அதிகமாகவே கேட்பார்கள், கையில் கிடைக்கவும் நாளாகும். ஆனால் மேக்புக் ஏர், திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், டெல் எக்ஸ்பிஎஸ் 13 மாதிரி மெல்லிய இயந்திரங்களில் ராம் தாய்ப்பலகை என்கிற முக்கிய போர்டோடு ஒட்டி வருகிறது, அதைக் கழற்றவும் முடியாது, பின்னால் கூட்டவும் முடியாது. ஆப்பிளே 2024 அக்டோபரில்தான் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 8-இலிருந்து 16 ஜிபிக்கு ஏற்றியது, அதற்கு முன் 8 வாங்கியவர்களுக்குக் கடைசி வரை அந்த 8தான். இந்த மாதிரி செட் வாங்குகிறவர்கள் மற்ற இரண்டு வழியையும் யோசிக்கவே வேண்டாம், வாங்கும் நாளிலேயே கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட வேண்டும்.

இப்போது கடை வழி. 2021-இல், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தளர்ந்து கடைகள் திறந்த சமயம், தலைநகரில் ஒரு பேரங்காடிக் கடையில் புது லேப்டாப் வாங்கினேன். 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. "அண்ணே, 300 வெள்ளி சேர்த்துக் குடுங்க, 16 ஜிபியும் 1 டிபியும் இப்பவே போட்டுத் தர்றேன், பழசை நாங்க எடுத்துக்கிறோம், எல்லாத்துக்கும் மூணு வருஷம் வாரண்டி" என்றார் தம்பி. இருபதே நிமிடத்தில் விண்டோஸும் போட்டுக் கையில் கொடுத்தார், எனக்கும் பரம திருப்தி. ரசீதில் லேப்டாப்பின் பெயரும் மொத்தத் தொகையும் மட்டும் இருந்தன. ராம் எந்த பிராண்டு, எஸ்எஸ்டியின் சீரியல் எண் என்ன, அந்த மூன்று வருடம் யார் கொடுக்கும் வாரண்டி என்று ஒரு வரிகூட இல்லை, நானும் கேட்கவில்லை.

ஏழாவது மாதம் ஒரு நாள் காலையில் அது எழவே இல்லை. பிராண்டின் சர்வீஸ் சென்டரில் பின் மூடியைக் கழற்றினார்கள். கடையில் போட்டிருந்த எஸ்எஸ்டியின் மேல் மேசைக் கணினிக்குப் போடுகிற தடித்த உலோகத் தகடு ஒட்டியிருந்தது, மூடியை மூடியபோது அது போர்டை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, மூடியின் உள்பக்கத்தில் அந்தத் தகட்டின் தடம் அப்படியே தெரிந்தது. படம் எடுத்துக் காட்டி, வெளியாள் வேலையால் வந்த சேதம், வாரண்டியில் வராது என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, தடம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. கடைக்குப் போனால் அங்கே வேறு பெயர்ப்பலகை, கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். போர்டு மாற்ற 1,380 வெள்ளி ஆனது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்: வேலை செய்தவர் போய்விட்டார், செலவு என் தலையில் விழுந்தது.

கடைகள் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். பிராண்டின் அங்கீகாரம் பெற்ற கடை, தான் மாட்டியதை ரசீதில் எழுதி முத்திரை குத்தி, ராமின் பெட்டியையும் எஸ்எஸ்டியின் பெட்டியையும் கையில் கொடுத்து, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பிக் கொடுத்தால் அங்கே வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. இந்த நான்கில் பழைய பாகத்தைத்தான் முக்கியமாகச் சொல்வேன். அதைக் கழித்துக்கொள்கிறோம் என்று சொல்லும் சலுகையை ஏற்காதீர்கள், ஏனென்றால் அது போன பிறகு லேப்டாப்பை ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பிக் காட்ட உங்களிடம் ஒன்றுமே இருக்காது. இன்னொன்று, ஏ.பி. செட். வெளிநாட்டுச் சந்தைக்குப் போக வேண்டியதை இங்கே கொண்டு வந்து விற்பது. அதில் பிராண்டின் உள்ளூர் வாரண்டி இருக்கிறதா என்பதே கேள்வி, அதன் மேல் கடைக்காரரும் உள்ளே கை வைத்திருந்தால் நான் வாங்கவே மாட்டேன்.

சொந்தக் கை வழியைப் பற்றித்தான் தப்பான பயம் அதிகம். மூடியைத் திறந்தாலே வாரண்டி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். லெனோவோ தன் மாடல்களுக்குப் பராமரிப்புக் கையேட்டை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறது, எந்தப் பாகத்தை வாடிக்கையாளரே மாற்றலாம் என்று அதில் பிரித்தே போட்டிருக்கும். டெல், எச்பி இரண்டும் பல மாடல்களுக்கு இதே மாதிரி வழிகாட்டி வைத்திருக்கின்றன. கையேட்டில் மாற்றலாம் என்று இருப்பதை மாற்றினால் மற்றப் பாகங்களின் வாரண்டி அப்படியே இருக்கும், நீங்கள் புதிதாக மாட்டியதற்கும் மாட்டும்போது நீங்கள் உடைத்ததற்கும் மட்டும் லேப்டாப் நிறுவனம் பொறுப்பேற்காது. எல்லா பிராண்டும் எல்லா மாடலும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், வாங்குவதற்கு முன்பே உங்கள் மாடலின் கையேட்டைத் தேடிப் படியுங்கள், அரை மணி நேர வேலைதான்.

இந்த வழியில் ஒரு லாபத்தைப் பலர் கவனிப்பதில்லை. லேப்டாப்புக்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ வாரண்டி இருக்கும்போது, கிங்ஸ்டன் தன் ராமுக்கு ஆயுள்கால வாரண்டி கொடுக்கிறது, சாம்சங் 990 ப்ரோ மாதிரி எஸ்எஸ்டிக்கு 5 வருடம், 1 டிபி என்றால் மொத்தம் 600 டிபி (டெராபைட்) தரவு எழுதும் வரைக்கும், இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. பெட்டியும் ரசீதும் உங்களிடம் இருக்கும், ராம் கெட்டால் ராம் நிறுவனத்திடம் நேரே போகலாம். கடையில் போட்டுக்கொடுத்த ராமிலும் இதே வாரண்டி இருக்கத்தான் செய்யும், பெட்டி உங்களிடம் இல்லையென்றால் அதை எதை வைத்துக் கேட்பது?

ஒரே பழுதை மூன்று வழியிலும் ஓட்டிப் பார்ப்போம். பத்தாவது மாதம், திரையில் கோடு விழுகிறது. ஆலையில் கூட்டியது என்றால் அப்படியே கொண்டு போய்க் கொடுக்கலாம். நாமே ராம் மாற்றியிருந்தால், முந்தின நாள் இரவு பழைய ராமைத் திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும், கோடு அப்போதும் இருந்தால் நம் ராமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நமக்கே தெரிந்துவிடும், அந்த நிலையிலேயே கொண்டு போகலாம். கேட்டால் மாற்றியதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், கையேடு அனுமதித்த வேலைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. கடையில் மாற்றி, பழைய பாகமும் போயிருந்தால், சர்வீஸ் சென்டர் கடையைக் கேள் என்கும், கடை பிராண்டைக் கேள் என்கும், இடையில் ஓடிக் கால் தேய்வது நாம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு. மூடி மேல் ஒட்டியிருக்கும் 'கிழித்தால் வாரண்டி இல்லை' ஸ்டிக்கர் சட்டப்படி செல்லாது என்று காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்களே, அது அமெரிக்கக் கதை. அங்கே 1975-இல் வந்த வாரண்டிச் சட்டத்தை வைத்து அவர்களுடைய மத்திய வணிக ஆணையம் 2018-இல் 6 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதை அச்செடுத்துக்கொண்டு கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் கவுன்டரில் நீட்டிப் பயனில்லை. நமக்கு இருப்பது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். வாங்கிய பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை அது தருகிறது, கடைக்காரர் ரசீதில் என்ன நிபந்தனை அச்சடித்தாலும் அந்த உத்தரவாதம் போகாது. ஆனால் பொருள் தன் கையை விட்டுப் போன பிறகு வேறொருவர் செய்த வேலையால் கெட்டது என்றால் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே ராம் மாற்றியவருக்குத் திரை போனால் வாதாட இடமுண்டு, என்னை மாதிரி தகட்டுத் தடத்தோடு போனால் பிராண்டிடம் இடமில்லை, கடையைத்தான் பிடிக்க வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், 3 வருடத்துக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கேயும் முதலில் பேசப்போவது ரசீதுதான். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவுக்குக் கணினி ரசீதைக் காட்டுகிறவர்கள் எப்படியும் அதை 7 வருடம் வைத்திருக்க வேண்டும், அதனால் எழுத்து மங்குவதற்குள் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

எந்தப் பாகம் என்பதிலும் வித்தியாசம் உண்டு. சொருகும் ராம், சின்னப் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 எஸ்எஸ்டி இரண்டும் வீட்டில் செய்யக்கூடியவை. எஸ்எஸ்டி மாற்றுவதற்கு முன் கோப்புகளைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை, அந்த 48 இலக்க எண்ணை, வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளமைப்பு மாறினால் அது கேட்கும், இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே திறக்காது. பேட்டரியை வாரண்டிக் காலத்தில் பிராண்டிடமே மாற்றுங்கள், மலிவான போலிக்கு நெருப்புப் பிடித்தால் வாரண்டிப் பேச்சையும் தாண்டிப் போய்விடும். சிப்புக்கு மேல் திரவ உலோகம் பூசிச் சூட்டைக் குறைப்பதை வாரண்டி உள்ள லேப்டாப்பில் தயவுசெய்து செய்யாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அதில் உள்ள கேலியம் அலுமினியத்தை அரிக்கும், ஒரு சொட்டு வழிந்தால் போர்டே போய்விடும், தடத்தையும் மறைக்க முடியாது.

அக்கா மகள் கடைசியில் ஒரே ஒரு ராம் துளை உள்ள செட்டைத் தேர்ந்தெடுத்தாள். கையேட்டில் அதை வாடிக்கையாளரே மாற்றலாம் என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டச் சொன்னேன். வாங்கியதும் திறக்க விடவில்லை, இரண்டு வாரம் அப்படியே ஓட்டச் சொன்னேன், பிறவிக் கோளாறு இருந்தால் யாரும் தொடாத நிலையில் திருப்பிக் கொடுக்கலாம் அல்லவா. அப்புறம் விடுமுறைக்குப் பினாங்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தோம். ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் அவள் படம் எடுத்தாள். மூடி வந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அப்புறம்தான் ராமைத் தொட்டோம். 16 ஜிபியை மாட்டி, விண்டோஸில் உள்ள நினைவகச் சோதனையை ஓட விட்டுச் சாப்பிடப் போனோம், பிழை ஒன்றும் காட்டவில்லை. கழற்றிய 8 ஜிபி ராமைப் புது ராம் வந்த உறையிலேயே போட்டு, மேலே சீரியல் எண்ணையும் தேதியையும் எழுதினாள். நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன், சர்வீஸ் சென்டருக்குப் போகப்போவது கோலாலம்பூரில்தானே, அங்கேயே இருக்கட்டும் மாமா என்று வாங்கித் தன் சான்றிதழ்க் கோப்பில் ரசீதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.