கொட்மன் 12 நிறப் பெட்டி: கொழும்பில் வகுப்பெடுக்க எடுபடுமா?

வீட்டில் இருந்து படம் கீறுகிறவருக்கு ஏற்ற பெட்டி வேறு, இடத்துக்கு இடம் போய் நீர்வர்ணப் பட்டறை நடத்துகிறவருக்கு ஏற்றது வேறு. வின்சர் அன்ட் நியூட்டனின் கொட்மன் பொக்கெட் பெட்டி இரண்டாமவருக்கு ஏறக்குறையச் சரி. இரண்டு அரைப்பேனை (நிறக்கட்டி இருக்கும் சின்னக் கிண்ணம்) மாற்றிவிட்டால் முழுதாகவே சரி.

உள்ளே மஞ்சள் இரண்டு, சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு, பச்சை இரண்டு, மண்நிறம் மூன்று, சைனீஸ் வைட் என்ற வெள்ளை ஒன்று. கட்மியம், கோபால்ட் என்ற பெயர்களோடு ‘ஹியூ’ என்று ஒட்டியிருக்கும். அதே சாயலை மலிவான நிறப்பொருளால் தருகிறார்கள் என்று பொருள். வகுப்புக்கு அது குறையே இல்லை. நச்சுள்ள கட்மியம் இதில் இல்லாததால், தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பிள்ளைகளை நினைத்தால் நிம்மதிதான்.

சிவப்பு இரண்டும் முதல் பாடத்துக்கே போதும். அலிசரின் கிரிம்சனோடு அல்ட்ராமரின் நீலம் சேர்த்தால் தெளிவான ஊதா வரும். கட்மியம் சிவப்போடு அதே அல்ட்ராமரினைச் சேர்த்தால் சேறு. அந்தச் சிவப்பு மஞ்சள் பக்கம் சாய்ந்தது, மூன்று அடிப்படை நிறமும் ஒன்றாகிவிடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் கலந்து காட்டினால் விளக்கமே தேவையில்லை.

சிக்கல் நீலத்தில். இரண்டில் ஒன்றுகூடப் பச்சைப் பக்கம் சாய்ந்ததில்லை. அல்ட்ராமரினில் சிவப்புச் சாயல் ஒளிந்திருப்பதால், லெமன் மஞ்சளோடு கலந்தால் மங்கிய ஒலிவ் பச்சைதான் கிடைக்கும். காலிமுகத்திடலில் நண்பகல் கடலைக் கீற வந்தவர் தன் கையைத்தான் குறை சொல்லுவார். சைனீஸ் வைட்டைக் கழற்றி, பச்சைப் பக்கம் சாய்ந்த, தனியாக விற்கும் இன்டென்ஸ் புளூ அரைப்பேனை அங்கே வையுங்கள். ஆனால் அது முரட்டு நிறம். மஞ்சளை முதலில் கரைத்து, நீலத்தைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் பாதி மஞ்சள் வீணாகும். கடதாசியில் பட்டால் லேசில் கழுவியெடுக்கவும் முடியாது.

வெள்ளை போனால் போகட்டும். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலின் வெள்ளைப் பட்டைகளைச் சிவப்பின் மேல் வெள்ளை பூசி மீட்கப் பார்த்தால், அடிச்சிவப்பு கரைந்து ரோசாதான் வரும். பட்டைகளைப் பென்சிலால் குறித்து, கடதாசியை வெறுமையாக விடுவதுதான் வழி.

மாற்ற வேண்டிய மற்றது பேர்ன்ட் அம்பர் என்ற கடும் மண்நிறம். செம்மண் நிறமான பேர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் அல்ட்ராமரின் விட்டால் அந்த நிறம் கைக்கு வந்துவிடும். அல்ட்ராமரினைக் கூட்டினால் மழைமுகிலின் சாம்பல். அந்த இடத்துக்குப் பெர்மனன்ட் ரோஸ் வந்தால், மதில்களில் தொங்கும் போகன்விலாவைக் கீறலாம்.

இனி ஈரக்காற்று. கிளிசரின் கலந்த ஈரவர்ணத்தை இந்த நிறுவனம் 1835இலேயே கொண்டுவந்தது. தண்ணீர் பட்டதும் நிறம் இளக அது உதவும். ஈரத்தைப் பிடித்து வைக்கும் அதே குணம் கொழும்பில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. நனைந்த பேனை அப்படியே மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வகுப்பு முடிந்ததும் டிசுவின் மூலையால் ஒற்றி, இரவு மின்விசிறிக்குக் கீழே திறந்து வைத்து, காலையில் மூடுங்கள். பேன் பிசுபிசுக்கும்போது பெட்டியை நிமிர்த்திப் பையில் வைத்துக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், மூடி முழுக்க நிறம்.

கடதாசியும் மெதுவாகவே காயும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம். அரை ஈரக் கடதாசியில் அதைவிட நனைந்த தூரிகை பட்டால்தான் பூக்கோவா போலக் கறை விரிகிறது. தூரிகையைத் துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்து மாறி மாறிக் கீறவிட்டால் காத்திருக்கும் நேரம் வீணாகாது.

கூடவரும் தூரிகை குறிப்பேட்டுக்கு மட்டும். மூடியிலுள்ள கலவைக்குழிகளும் சிறியவை, பெரிய வோஷுக்கு (அகலமாகப் பூசும் நீர்த்த நிறம்) வெள்ளைப் பீங்கான் தட்டு வேண்டும். புதுப் பிளாஸ்டிக்கில் நிறம் துளித்துளியாகத் திரண்டால் பற்பசை தொட்டு மெல்லத் தேய்த்துக் கழுவினால் சரியாகும்.

தீர்ந்த பேனுக்குப் புதுப்பேன் வாங்கத் தேவையில்லை. 8 மில்லிலீற்றர் டியூப் ஒன்று நாலு தடவைக்காவது வரும். பாதி நிரப்பி, பல்லுக்குத்தியால் கிண்டிக் காற்றுக்குமிழை எடுத்து, காய்ந்த பிறகு மீதியை நிரப்புங்கள். ஒரேயடியாக நிரப்பினால் நடுவில் குழிந்து வெடிக்கும்.