ஃப்ரம் திஸ் பிளேஸ்: நாலு பேர் போதாதா?

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஜாஸ் கிதார் கலைஞர் பேட் மெத்தனியின் இந்த ஆல்பம் 2020 பிப்ரவரியில் நான்சச் இசை நிறுவன வெளியீடாக வந்தது. பத்து உருப்படிகள், ஏறக்குறைய 76 நிமிடம். முதலில் நால்வர் குழுவைப் பதிவு செய்துவிட்டு, ஆர்க்கெஸ்ட்ராவைப் பின்னால் ஏற்றியிருக்கிறார்கள். அறுபதுகளில் ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரியின் ஆல்பங்களுக்கு டான் செபஸ்கி ஆர்க்கெஸ்ட்ரா இசை எழுதிக்கொடுத்த வழி இது.

இதில் லாபம் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகளை எழுதிய கில் கோல்ட்ஸ்டைன், ஆலன் பிராட்பென்ட் இருவர் கையிலும் கிதார் சோலோ முடிந்த நிலையில் இருந்ததால், அதன் வளைவுகளுக்கு ஏற்ப வயலின்களை எழுத முடிந்தது. நஷ்டம் டிரம்ஸ் பக்கம். ஆர்க்கெஸ்ட்ரா பொங்கும் இடத்தில் டிரம்மர் அந்தோனியோ சான்செஸ் அதற்குப் பதில் சொல்லவே முடியாது; அது வாசிக்கப்படும் முன்பே அவர் வேலை முடிந்துவிட்டது.

எத்தனை வருடம் கேட்டாலும் தீராத எரிச்சல் ஒன்று: 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை, அதாவது கனத்த நடுத்தர ஒலிகள் இருக்கும் பகுதியில், நெரிசல். மெத்தனியின் கிதார் தொனி இயல்பிலேயே இருட்டு. பியானோவில் க்விலிம் சிம்காக்கின் இடது கை, செல்லோக்கள், லிண்டா மே ஹான் ஓவின் பாஸில் மேல் சுரங்கள், எல்லாம் அங்கேயே வந்து குவிகின்றன. முதலில் காணாமல் போவது பியானோ. ஈக்வலைசரில் 300 ஹெர்ட்ஸ் சுற்றி 2 டெசிபல் குறைத்தால் கொஞ்சம் மூச்சு விடும். பதிலுக்கு டிரெபிளை ஏற்றாதீர்கள். சான்செஸின் சிம்பல் காதைக் கிழிக்கும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ஒலி அளவைச் சமன்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், குறைந்தபட்சம் அதில் ஒலியை உரக்க வைக்கும் 'லவுட்' தேர்வையாவது தவிருங்கள். 'யூ ஆர்' ஒற்றை மணியோசை மாதிரி ஆரம்பித்து மலையாக எழும் உருப்படி. ஏற்ற இறக்கத்தை நசுக்கினால் அதில் மிச்சம் ஒன்றுமில்லை. அதே காரணத்தால் இது காரில் கேட்கிற ஆல்பமும் இல்லை. மெல்லிய பகுதிகளை டயர் சத்தம் விழுங்கிவிடும், வால்யூமைக் கூட்டி வைத்தால் அடுத்த எழுச்சி தூக்கிப் போடும். பின்புறம் திறந்த ஹெட்போனில்தான் அடுக்குகள் ஒழுங்காகப் பிரியும்.

'எவ்ரிதிங் எக்ஸ்ப்ளெயின்ட்' வரும்போது மட்டும் புகாரெல்லாம் மறந்துபோகிறது. அங்கே ஓட்டம் நால்வருடையது. ஓவின் பாஸ் எங்கே நிற்கிறது, சான்செஸ் எங்கே தள்ளுகிறார் என்று விரல் வைத்துக் காட்டலாம். 'தி பாஸ்ட் இன் அஸ்' உருப்படியில் கிரெகுவார் மாரேயின் ஹார்மோனிகாவும் அப்படித்தான், வயலின்களுக்கு மேலே தனியாக மிதக்கிறது. தலைப்புப் பாடலில் மிஷெல் என்டெகியோசெல்லோவின் குரலைக் குறை சொல்ல ஆளில்லை.

எழுத்து, வாசிப்பு, துணிச்சல் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். ஆனாலும் மெத்தனியில் முதல் ஆல்பமாக இதை வாங்காதீர்கள், பாதி விலைக்குக் கிடைத்தாலும். 1976இல் வந்த 'பிரைட் சைஸ் லைஃப்' வாங்குங்கள். மூன்றே பேர், ஒரு வயலின் கிடையாது.