கேரவனா, காரா, காட்பாடியில் ஏறும் ரயிலா: காசி வரை போய்வந்த கணக்கு

எங்கள் தெருவுக்குள் கேரவன் நுழைந்த அன்று எதிர்வீட்டுப் பாட்டி வாசலுக்கு ஓடி வந்து, "எந்த நடிகரும்மா வந்திருக்காரு?" என்று கேட்டார். நடிகர் இல்லை. ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரரும், அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற நானும்தான். அந்த வண்டி எங்கள் வாசலுக்கு வந்து சேரவே இருபது நிமிஷம் ஆனது. கேபிள் வயர் தாழ்வாகத் தொங்கியது. பக்கத்துவீட்டுப் பையன் துணி காயப்போடும் கொம்பால் அதைத் தூக்கிப் பிடிக்க, வண்டி ஒவ்வொரு அடியாக நகர்ந்தது. வீட்டுக்காரர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் தட்டியது.

மூன்று விதமாகவும் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டோம். 2018-ல் ரயிலில் காசி. போன வருஷம் சித்திரையில் கேரவனில் ஹம்பி, பெங்களூரில் இருக்கும் பிள்ளை ஏற்பாடு செய்த பரிசு. இந்த வருஷம் மாசியில் சொந்தக் காரில் மறுபடியும் காசி. வேலூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற தம்பதிகள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள், "நாமும் ஒரு கேரவன் எடுத்துக்கொண்டு வடக்கே போனால் என்ன?" என்று. அவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கு.

முதலில் பணம். காட்பாடியிலிருந்து சாலை வழியாகக் காசிக்குச் சுமார் 1,900 கிலோமீட்டர். போக வர, அங்கங்கே சுற்றியதையும் சேர்த்தால் 4,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டீசல் கார் லிட்டருக்கு 18 கொடுக்கிறது, ஆக 245 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் 23,000-க்குள் முடிந்துவிடும். டிராவலர் வேனில் கட்டிய கேரவன் 10 கொடுத்தால் பெரிய விஷயம். அதற்கு 440 லிட்டர், 41,000 ரூபாய். டீசலில் வரும் வித்தியாசத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், வாடகையைத்தான் தாங்க முடியாது. எங்களுக்குச் சொன்ன கணக்கு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல். அதிலும் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு, தாண்டினால் தனிக் காசு. காசி போய்வர 22 நாள் என்றால் இரண்டு லட்சத்து இருபதாயிரம். அதே 22 நாள் பயணத்தில் 20 இரவு லாட்ஜில் தங்கி, அறைக்கு 2,000 கொடுத்தாலும் 40,000-தான் ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டியும் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

சுங்கச்சாவடியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ், அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 கடப்பு தந்தது. ஆனால் அது சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். வாடகை வண்டிக்குக் கிடையாது. காசி போய் வந்ததில் எங்களுக்கு 200-ல் பாதிகூடத் தீரவில்லை. மிச்சத்தில் திருப்பதிக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருக்கிறோம்.

பணம் கிடக்கட்டும், வாழ்க்கையில் ஒரு தடவைதானே என்பவர்களுக்கு அடுத்த விஷயம்: டிரைவர். வெளிநாட்டு வீடியோக்களில் வயசான கணவன் ஓட்ட, மனைவி பக்கத்தில் வரைபடம் பார்க்கிறாள். இங்கே வாடகை கேரவன் பெரும்பாலும் டிரைவரோடுதான் வருகிறது. சட்டம் தடுக்கிறது என்றில்லை. 7,500 கிலோ வரையிலான வண்டியைச் சாதாரணக் கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. வீட்டுக்காரர் அந்தச் செய்தியைக் கத்தரித்தே வைத்திருந்தார். ஆனால் 66 வயசுக்காரரிடம் வண்டியைத் தர வாடகைக்கு விடுபவர்கள் தயாராக இல்லை.

சரி, டிரைவர் வந்தார். தங்கமான பையன். இருந்தாலும் "நாம ரெண்டு பேர் மட்டும்" என்ற கனவு ஆம்பூர் தாண்டுவதற்குள் கலைந்துவிட்டது. அவனுக்குக் கொடுக்காமல் எப்படி டீ குடிப்பது? நான் போட்டேன். அப்புறம் அவனுக்குப் பசிக்குமே என்று உப்புமா கிளறினேன். ராத்திரி அவன் முன்சீட்டைச் சாய்த்துப் படுத்தான், நடுவில் ஒரு திரைச்சீலை. இவர் குறட்டை அவனுக்குக் கேட்கும், அவன் போன் பேசுவது எங்களுக்குக் கேட்கும். மூன்று ராத்திரியும் நான் பின்கொசுவம் அவிழாத மாதிரி, சேலை கலையாமல் படுத்தேன். ஆண்கள் எழுதும் கேரவன் அனுபவங்களில் இதெல்லாம் வருவதில்லை.

முதல் ராத்திரி சித்ரதுர்காவுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். சித்திரை வெயிலை நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். தகரப் பெட்டி முழுப்பகலும் குடித்த சூட்டை ராத்திரிதான் கக்கும். மேலே ஏசி இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் நின்றுவிட்டது. நான் பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டேன். பேட்டரி 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 2,400 வாட்-அவர், அதாவது 2.4 யூனிட். ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம்கூட வராது. பங்க்காரரிடம் வயர் இழுக்கக் கேட்டோம், மாட்டேன் என்றார். என்ஜினை ஓடவிட்டால் பக்கத்து லாரிக்காரர் கதவைத் தட்டுகிறார். கடைசியில் ஜன்னலைத் திறந்துவைத்து, கொசுவோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். இதை வாடகைக்கு விட்டவர்களிடம் சொன்னபோது, "மின்சார வசதி உள்ள இடத்தில் நிறுத்தியிருக்கணும் மேடம்" என்றார்கள். அந்த இடம் எங்கே என்றுதான் யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மின்சாரம் மாட்டவும், தண்ணீர் பிடிக்கவும், கழிவைக் கொட்டவும் இடம் இருந்தால்தான் கேரவன் வீடு. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை கொண்டுவந்தது, வண்டி நிறுத்தும் பூங்காக்களையும் அதில் சேர்த்தது. மூணாறு, வாகமண் பக்கம் மூன்று நாள் போய் ஒரே இடத்தில் நிறுத்தி, பேரப்பிள்ளைகளோடு இருக்க நினைப்பவர்களை நான் தடுக்க மாட்டேன். கர்னூல், நிர்மல், ஜபல்பூர் என்று தினம் ஒரு புது ஊரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு "இன்னிக்கு எங்க நிக்கிறது?" என்று தேடுவது வேறு கதை.

கழிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், முகம் சுளிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கழிப்பறைக்கு அடியில் இருபது லிட்டர் பெட்டி ஒன்று இருக்கும். மூன்று பேர் இருந்தால் இரண்டாம் நாளே நிறைந்துவிடும். அதை இழுத்தெடுத்து, சூட்கேஸ் மாதிரி தள்ளிக்கொண்டு போய் எங்காவது கொட்ட வேண்டும். ஹோஸ்பேட்டையில் ஒரு ஓட்டல் வாட்ச்மேனுக்கு 200 ரூபாய் கொடுத்துப் பின்பக்கக் கழிப்பறையில் கொட்டினோம். டிரைவர் அது தன் வேலை இல்லை என்றான், நியாயம்தான். வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிப் போன காட்சியை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இன்றைக்கும் அவர் கேரவன் பேச்சை எடுத்தால் அந்தப் போட்டோவைக் காட்டுவேன்.

ஆனாலும் அந்தக் கழிப்பறைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். 60 தாண்டிய பெண்ணுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவளுக்கு, நெடுஞ்சாலைப் பயணம் என்றாலே "அடுத்த பாத்ரூம் எங்கே?" என்ற ஒரே கவலைதான். இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களை எனக்குத் தெரியும், நானும் அப்படி வந்தவள்தான். கேரவனில் நாலு நாளும் வயிறார மோர் குடித்தேன். இந்த ஒரு விஷயத்தில் காரோ ரயிலோ அதற்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொன்று, ஃப்ரிட்ஜ். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்தால் அது மருந்தாக இருக்காது.

பழைய டிராவலர் ஒன்றை வாங்கி நாமே கட்டில், சிங்க் எல்லாம் வைத்துக்கொள்ளலாமே என்று என் தம்பி மகன் யோசனை சொன்னான். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆர்டிஓ அனுமதி வாங்கி, ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். வருஷத்தில் ஒரு மாசப் பயணத்துக்கு இந்த அலைச்சல் எதற்கு?

ரயிலுக்கு வருவோம். காட்பாடிக்காரர்களுக்கு வடக்கே போக ரயில் பஞ்சமே இல்லை. பெங்களூரிலிருந்து வரும் சங்கமித்ரா எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு ராத்திரியில் தீனதயாள் உபாத்யாயா, அதாவது பழைய முகல்சராய். அங்கிருந்து ஆட்டோவில் காசி. முழங்கால் தேய்ந்தவர்களும் 70 தாண்டியவர்களும் வேறு யோசனையே பண்ண வேண்டாம், இதுதான். 2018-ல் எங்களுக்கு டிக்கெட்டில் எனக்குப் பாதி, அவருக்கு 40 சதவீதம் சலுகை கிடைத்தது. 2020 மார்ச்சில் நிறுத்தியது, இன்னும் திரும்பவில்லை. கீழ் பெர்த்தில் முன்னுரிமை மட்டும் இருக்கிறது. ரயிலில் குறை என்றால் ஒன்றுதான்: நாம் போவது காசிக்கு, வழியில் உள்ள ஊர்களுக்கு இல்லை.

காரில் அந்த வழிதான் எங்களுக்குக் கிடைத்த லாபம். ராணிப்பேட்டையில் தொடங்கி சித்தூர், கடப்பா, நந்தியால் வழியாகக் கர்னூல் போகும் 40-ம் நெடுஞ்சாலை. அப்புறம் 44-ல் ஏறி ஹைதராபாத். நிர்மலில் ஒரு ராத்திரி. அங்கே மரப்பொம்மை வாங்கிக்கொண்டு நாக்பூர். காலையில் கொண்டைக்கடலைக் குழம்பை மேலே ஊற்றித் தந்த தர்ரி போஹா. காரம் ஆம்பூர் பிரியாணிக்கு வைக்கும் கத்தரிக்காய்த் தொக்கை ஞாபகப்படுத்தியது. நாக்பூர் தாண்டி சிவனி போகும் வழியில் பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டுக்குள் அங்கங்கே சாலையையே தூக்கிக் கட்டி, கீழே புலியும் மானும் கடந்து போக வழி விட்டிருக்கிறார்கள். அவற்றில் மிக நீளமானது 750 மீட்டர். பொறியியல் சம்பந்தப்பட்ட எதைப் பார்த்தாலும் வண்டியை ஓரம்கட்டச் சொல்லும் மனுஷர், அன்றைக்கும் சொன்னார். நிறுத்தக்கூடாது என்று போர்டு இருந்ததால் மெதுவாக மட்டும் போனோம்.

காரின் குறைகளையும் மறைக்க மாட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது, முழுப் பாரமும் அவர் தோளில். 55 தாண்டினால் லைசென்ஸை ஐந்தைந்து வருஷமாகத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், ஒவ்வொரு முறையும் டாக்டர் சான்றிதழோடு. புதுப்பித்த கையோடு ஒரு விதி போட்டுக்கொண்டோம்: நாளைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் கிடையாது, சாயங்காலம் நாலு மணிக்குச் சாவி என் கையில். போக ஆறு நாள் ஆனது. ஆகட்டுமே, யார் ஆபீஸுக்குப் போகணும்? தை மாசத்தில் கிளம்பாதீர்கள், வடக்கே காலைப் பனிமூட்டத்தில் பானட்டுக்கு முன்னால் எதுவும் தெரியாது. மாசி பிறந்ததும் கிளம்பி, பங்குனி வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஓட்டப் பயமாக இருந்தால் ஆக்டிங் டிரைவர் ஒருவரைக் கூட்டிப்போகலாம். ராத்திரி அவருக்குத் தனி அறை, நமக்குத் தனி அறை. திரைச்சீலைப் பிரச்சினை வராது.

காசிக்குள் போய்ச் சேர்ந்தபின் காருக்கும் வேலை இல்லை. கோதௌலியா பக்கத்துச் சந்துகளில் மாடும் மனுஷனும்தான் போக முடியும். காரை வெளியே நிறுத்திவிட்டு, 1863-லிருந்து நடக்கும் நாட்டுக்கோட்டை நகரச் சத்திரத்தில் தங்கினோம். கேரவனில் வந்திருந்தால் ஊருக்கு வெளியே எங்கோ வண்டியில் படுத்துக்கொண்டு, விடியற்காலை கங்கைக் குளியலுக்கு ஆட்டோ தேடியிருப்போம்.

ஆக, நெடுந்தூரத்துக்கு என் ஓட்டு சொந்தக் காருக்கு. வீட்டுக்காரர் முழுமனசாக ஒப்புக்கொள்ளவில்லை. ராத்திரியில் இன்னும் போனில் யாரோ ஆஸ்திரேலியாவில் கேரவன் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த ஹம்பிப் பயணத்தில் பார்த்து வைத்ததில் ஒன்றை மட்டும் காருக்குள் கொண்டுவந்துவிட்டார்: சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் குட்டி ஃப்ரிட்ஜ். மேல்தட்டில் இன்சுலின், கீழே ஒரு எவர்சில்வர் டப்பாவில் வீட்டுத் தயிர். அந்தத் தயிரையே உறைக்கு வைத்து, தினமும் லாட்ஜ்காரனுக்குத் தெரியாமல் கெட்டிலில் பால் காய்ச்சிப் புது தயிர் தோய்த்துக்கொண்டே போனேன். மத்தியப் பிரதேசத்து ரீவாவில் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கட்டிலில் பேப்பர் விரித்து நாங்கள் சாப்பிட்டது காட்பாடித் தயிர் சாதம், கூட வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் வற்றல்.