கல்லுக்கட்டி மாடி லேப்: ஒரு ஸ்டார் குறைத்தது படிக்கட்டுக்கு

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம், மாடியில் இருக்கிற லேப். போன ஆடியில் 6 வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு மாதமாக முழங்கால் வலி. வளவு முழுக்க ஓடித் திரிகிற பிள்ளை, "அப்பத்தா, காலை ஊன முடியல" என்று பட்டாலையிலேயே கிடந்தான். ராத்திரியில் வலி தாங்காமல் எழுந்து அழுவான். நானும் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துப் பார்த்தேன்.

வேறோர் இடத்தில் முதலில் 'வளர்ற வயசு வலி' என்றார்கள். கணுக்காலும் வீங்கியதும் மூட்டுவாதம் என்று ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். வளர்ற வயசு வலி என்றால் சாயங்காலம் வலித்தாலும் காலையில் பிள்ளை விளையாடப் போய்விடுமே! ரத்தம் பார்க்காமல் மாத்திரை கொடுக்க மாட்டேன் என்று மருமகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

லேப்பில் ரத்தம் எடுத்த தம்பிக்கு நல்ல கை, ஒரே குத்து. கட்டணம் 350 ரூபாய். வெள்ளை அணு 6,200, மெஷின் சொன்னபடி சரிதான். ஹீமோகுளோபின் 9.1. தட்டணு (பிளேட்லெட்) மட்டும் 1 லட்சத்து 10 ஆயிரம்; ஒன்றரை லட்சத்துக்கு மேலே இருக்க வேண்டுமாம். மூட்டுவாதத்தில் அது பெரும்பாலும் கூடுமே தவிர குறையாது என்று சந்தேகப்பட்டு, நாங்கள் கேட்காமலே லேப் டாக்டரம்மா ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்.

அன்று இரவே போன். "ஆச்சி, அந்த ஸ்டீராய்டு கொடுத்துட்டீங்களா?"

"இல்லைம்மா."

"கொடுக்காதீங்க. முதிராத செல் தெரியுது. ஸ்டீராய்டு உள்ளே போனா கொஞ்ச நாளைக்கு அது மறைஞ்சிரும், நோய் பிடிபடாது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி எலும்பு மஜ்ஜை பாருங்க."

இடுப்பெலும்பில் எடுத்துப் பார்த்தார்கள். லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்கிற ரத்தப் புற்றுநோய். மஜ்ஜைக்குள் அந்தச் செல்கள் நெருக்கியடித்துப் பெருகியதால்தான் எலும்பும் மூட்டும் வலித்ததாம். இரண்டு வருஷத்துக்கு மேல் சிகிச்சை. அதில் ஏற்றுகிற வின்கிறிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிற மருந்தாம். எங்கள் கிணற்றடியில் கேட்பாரில்லாமல் பூத்துக் கிடக்கிற செடி! முதல் மாதச் சிகிச்சையிலேயே வலி விட்டுப்போய் நடக்கத் தொடங்கிவிட்டான்.

ரிப்போர்ட்டில் எழுத்து மங்கல், உட்கார நாலே நாற்காலி. அதெல்லாம் போகட்டும். முழங்கால் வலி என்று வருகிறவர்களைச் செங்குத்தாக 22 படி ஏறவைக்கலாமா? கீழே ஒரு ஸ்டூல் போட்டு அங்கேயே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், அந்த ஸ்டாரையும் தந்துவிடுகிறேன்.