கலர் பார்த்துத் தைத்துத் தருகிறோம் என்று 7,800 ரூபாய் சாப்பிட்டுவிட்டார்கள்

அண்ணா நகர் பக்கம் மாடியில் ஸ்டுடியோ மாதிரி வைத்துக்கொண்டு, "உங்கள் சருமத்துக்குப் பொருந்தும் நிறத்தில் தைத்துத் தருகிறோம்" என்று ஆன்லைனில் விளம்பரம் போடும் பொட்டிக்குகளிடம் ஜாக்கிரதையாக இருங்க. 7,800 ரூபாய் போன எரிச்சலில் எழுதுகிறேன்.

அங்கே நிறம் பார்த்துச் சொல்லும் பொண்ணு செய்த விதத்தில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். மேக்கப்பைத் துடைக்கச் சொல்லி, முடியை வெள்ளைத் துணியால் மூடி, ஜன்னலோரம் உட்கார வைத்து, தாடைக்குக் கீழே ஒவ்வொரு துணியாக வைத்தாள். சந்தன நிறம் வைத்ததும் முகம் மஞ்சளடித்து கருவளையம் எடுத்துக் காட்டியது, புறாச் சாம்பல் வைத்ததும் அதெல்லாம் அடங்கிப்போச்சு. "அக்கா, உங்களுக்கு கூல் அண்டர்டோன், அதாவது தோலுக்கு அடியில ஓடுற சாயல் ரோஸ், நீலம் பக்கம், அதுவும் கொஞ்சம் மங்கல். அட்டக் கறுப்பும் பால் வெள்ளையும் முகத்தை அமுக்கிடும். சாம்பல், காளான் கலர், ரோஸ் ஓடின பழுப்பு, வெளிறின நேவி, இதுதான் உங்க நியூட்ரல், எதோடவும் சேர்ற அடக்கமான கலர்." சொன்னது அத்தனையும் சரி, அதுதான் கடுப்பே! விஷயம் தெரிந்த ஆள். நாலு குர்த்தாவுக்கு அங்கேயே யுபிஐயில் 7,800 அனுப்பினேன்.

பார்சலைப் பிரித்தால், சாம்பல் என்றது பச்சை ஓடின காக்கி. காளான் கலர் என்றது அவளே வேண்டாம் என்று ஒதுக்கின அதே சந்தனம். பழுப்பு, வெல்லப்பாகு மாதிரி. நேவி மட்டும் பரவாயில்லை, அதுவும் முதல் அலசலிலேயே பக்கெட் தண்ணீரை நீலமாக்கியது.

போட்டோ அனுப்பினால் "போன் ஸ்க்ரீன்ல அப்படித் தெரியும் மேம்" என்று பதில். துணியே என் கையில் இருக்கிறது, இதில் ஸ்க்ரீன் எங்கே வந்தது? பணம் கொடுக்கும்வரை அக்கா, இப்போ மேம். அப்புறம் "சாயம் லாட்டுக்கு லாட் மாறும்", அப்புறம் "அளவெடுத்துத் தைத்ததுக்கு எக்ஸ்சேஞ்ச் கிடையாது". நேரில் போனேன். கவுன்டரில் மஞ்சள் லைட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு "வித்தியாசமே தெரியலையே" என்கிறார் ஓனர். அந்த லைட்டில் சாம்பலும் காக்கியும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜன்னல் பக்கம் வாங்க என்றால் போன் வந்த மாதிரி உள்ளே போய்விட்டார். 7,800 ரூபாய்ங்க!

மங்கல் நிறக்காரர்கள் நியூட்ரல் எடுப்பது பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. தி.நகரில் அம்மாக்கள் புடவையை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பார்களே, அதைச் செய்யுங்க. பிடித்த துணியில் ஒரு துண்டு வெட்டி வாங்கிக்கோங்க, பில்லில் நிறத்தை எழுதச் சொல்லுங்க, முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீங்க. பில், சாட் எதையும் அழிக்காதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன், இனி அவர்கள் அங்கே பதில் சொல்லட்டும்.